அரைத்தூக்கம்

போன வாரம் வரை
தூங்குகிறவனைக் குத்தினால் ஐந்து மடங்கு சேதம்.
குறுவாளுக்கு மட்டும்.
கோடாலிக்கு இரண்டு, ஈட்டிக்கு ஒன்றரை.
இதை எழுதியபோது எனக்குக் காய்ச்சல்
என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேலப்பாளையத்திலிருந்து மசூது
ராத்திரி பதினொன்றரைக்குக் கூப்பிட்டான்.
"இருபத்தாறாம் நிலவறை முடிஞ்சிட்டு.
ஒரே குத்து.
அந்தப் பூதத்துக்கு நீங்க எழுதியிருக்க
ரெண்டு பக்க வசனம் இருக்குல்லா,
அதுல ஒரு எழுத்தும் பேசல.
கொறட்ட விட்டுக்கிட்டே செத்துட்டு."

மூன்று மாதம் செதுக்கிய பூதம்.
தீ உமிழும், சுவரை உடைக்கும்,
பாதி உயிர் போனால் இரண்டாகப் பிரியும்.
பிரிய நேரம் கிடைத்தால்தானே.

ஐந்தை மூன்றாக்கினேன்.
மறுநாளே ஒருவரும் பதுங்கவில்லை.
கவசம் கலகலக்க நேரே போய்
வெட்டினார்கள், வெட்டுப்பட்டார்கள்.
சத்தம் கேளாத செருப்பு
கிடந்த அறையிலேயே கிடந்தது.
நான்காக்கினேன்.
மசூது மட்டும் பதுங்கினான்.
நாலேகால் என்று எழுதி அழித்தேன்.
கத்தரிக்காய்க்கா பேரம் பேசுகிறேன்.

கோளாறு எண்ணில் இல்லை
என்று தோன்றியபோது மணி ஒன்றரை.
என் காவலர்களுக்கு இரண்டே நிலை.
விழித்திருந்தால் ஒன்று,
தூங்கினால் சுழி.
சுவிட்சைப் போட்டு அணைப்பதுபோல்
தூங்கினார்கள் எல்லோரும்.

வண்ணார்பேட்டையில்
அந்நேரத்துக்கும் டீ கிடைக்கும்,
மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம்,
கடைசி பஸ்ஸையும் முதல் பஸ்ஸையும் நம்பி.
போகிற வழியில்
பாதி எழும்பிய அடுக்குமாடி.
வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி,
நாற்காலியில் முப்பிடாதி அண்ணாச்சி.
தாடை நெஞ்சில், கம்பு மடியில்.
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.

ஜல்லியில் ஓர் அடி.
இரண்டு.
மணல் குவியல் ஓரமாய் மூன்று.
ஆற்றுப் பக்கமிருந்து காற்று,
என்னைத் தாண்டி அவர்மேல் போகிறது.
நாலு.
சிமெண்டு மூட்டைமேல் கிடந்த நாய்
தலை தூக்கிப் பார்த்து
இது நம்மாள் என்று திரும்பப் படுத்தது.
(நாய்களுக்கு விதியே எழுதவில்லையே நான்.)
ஐந்து. ஆறு.
கை நீட்டினால் தோள்.

"டீக்கா? எனக்கும் ஒண்ணு வாங்கியாங்க.
சீனி கம்மி."

கண் திறக்கவில்லை.

"தூங்குதியன்னுல்லா நெனச்சேன் அண்ணாச்சி."

"தூங்கத்தான் செய்யுதேன்.
காது மட்டும் வேல பாத்துக்கிட்டுக் கெடக்கு.
சம்பளம் அதுக்குத்தான."

விடிகிற மட்டும் எழுதினேன்.
தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே
அரைத்தூக்கம்.
ஓர் அடிக்கு ஒரு தாயம் உருளும்:
ஜல்லியில் ஓசை கூடும், மணலில் குறையும்,
இரும்புக் கவசம் போட்டவன்
முதல் அடியிலேயே அகப்படுவான்.
மசூதின் ஐந்து மடங்கைத்
திருப்பிக் கொடுத்துவிட்டேன்,
ஆழ்ந்து தூங்குகிறவர்களுக்கு மட்டும்.
சம்பளத்துக்குத் தூங்குகிறவன் எவனும்
ஆழ்ந்து தூங்குவதில்லை.
பூதம் தூங்கும்.
இருபத்தாறாம் நிலவறையில்
இன்னும் அதே கொறட்டைதான்.
வாசலில் மட்டும்
ஒரு நாற்காலி போட்டேன்.

வெள்ளிக்கிழமை கூப்பிட்டான்.
"செத்துட்டேன்.
நாலு மணி நேர ஆட்டம், இருந்த ஒத்த உயிரு, போச்சு.
யாரு அந்தச் சேர்ல இருக்க ஆளு?
கண்ணத் தொறக்காமலே 'டீக்கா'ங்கான்,
நான் முழிக்கதுக்குள்ள
கம்பால ஒரு சாத்து."

கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிரியாணி அண்டாவை யாரோ இழுக்கிற சத்தம்
அவன் பக்கம் கேட்டது.
"ஆனா இப்பத்தான்
மூச்சப் புடிச்சுக்கிட்டு நடந்தேன்" என்றான்.

அண்ணாச்சிக்கு எத்தனை உயிர்
என்று இன்னும் நிரப்பவில்லை.
அந்தக் கட்டம் காலி.
குத்தினால் என்ன ஆகும் என்பதற்கும்
இதுவரை வரியில்லை.
டீ கொண்டுபோனால் வழி விடுவார்.
ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுகிற நிலவறையில்
எங்கோ ஓர் அறையில்
ஒரு டம்ளர் ஆவி பறக்க இருக்கிறது.
மசூதிடம் சொல்லவில்லை.